மை படாத பூக்கள்

கோபக்காரத் தம்பிக்கு,

எங்கள் அருங்காட்சியகத்தில் இப்போது, மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்த ஜப்பானிய ஓவியங்களை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது அறைக்கு நான்தான் காவல். அங்கே ஒரு படத்தின் முன்னால் மட்டும் எல்லாரும் ஏன் தலையைச் சாய்க்கிறார்கள் என்ற கேள்வி என் மண்டையைக் குடைந்தது. பார்க்க வந்த ஒரு பெண்ணிடம் கேட்டே விட்டேன்.

"ஓரமா நின்னு பாருங்களேன்," என்றாள்.

பார்த்தால், படத்திலிருந்தவளின் வெள்ளை அங்கி முழுக்கப் பூக்கள்! மை தடவாத கட்டையில் தாளை அழுத்தியே பதித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உன் கடிதத்தை எடுத்தேன். "நல்லா இருக்கேன். பார்க்க வர வேண்டாம்." அவ்வளவுதான். ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பிடித்தேன். சின்ன வயதிலிருந்தே பேனாவை அழுத்தி எழுதுகிறவனாயிற்றே நீ! மேல்தாளில் எழுதிக் கிழித்துப் போட்டது கீழே அப்படியே பதிந்திருந்தது: "அக்கா, நான் வரட்டுமா?"

அந்தத் தாளுக்குத்தான் இந்தப் பதில்.

வாடா.

உன் அக்கா