எந்தப் பொடியள்?

பெப். 12, 1994, சனி
ஆரே ஆற்றின் மேல் பனிமூட்டம். முழங்கால் வலி. தைலம் வாங்க வேண்டும். மாலை தேவாலய மண்டபத்தில் இங்குள்ள எங்கள் தமிழ்ச் சனத்துக்கு என் மாதப் பேச்சு. இம்முறை கோஸ்டா ரிக்கா, மத்திய அமெரிக்காவின் சின்ன நாடு. போன ஞாயிறு அங்கே தேர்தல். ஆளுங்கட்சி தோற்றது. தெருவில் ஒரு சிப்பாய் இல்லை. நாட்டிலேயே படை இல்லை. நாற்பதுகளின் கடைசியில் கலைத்துவிட்டார்கள். பழைய முகாம் இப்போது பழம்பொருள் காட்டும் நூதனசாலை. தேர்தல் காலத்தில் பொலிசும் ஜனாதிபதி கையில் இல்லை, தேர்தல் மன்றத்தின் கையில். உதாரணம் சொன்னேன்: பள்ளிக்கூடத்தில் சோதனை நாளில் அதிபர்கூட மண்டபத்துக்குள் நுழைய முடியாது, மேற்பார்வையாளர்தான் ராசா. சிரித்தார்கள்.

பிறகு பக்கத்து வீட்டு மார்க்குஸ் நினைவுக்கு வந்தான், இந்த நாட்டுப் பொடியன். வருடந்தோறும் இராணுவப் பயிற்சிக்குத் துவக்கோடு ரயில் ஏறுகிறவன். "அங்கை பொடியள் துவக்குத் தூக்கத் தேவையில்லை" என்றேன். சிரிப்பு நின்றது. நேரமாகிவிட்டதாக்கும் என்று நினைத்து முடித்தேன். ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் முறை அடுத்த மாதம்.

பெப். 14, திங்கள்
மழை. மண்டபப் பொறுப்பாளர் அன்ரனின் தொலைபேசி.
"மாஸ்டர், பொடியளுக்குத் துவக்கு வேண்டாமெண்டனீங்களாம்."
"அது கோஸ்டா ரிக்காப் பொடியள், தம்பி."
"அங்கைதான் ஆமியே இல்லையே. பிறகு ஆரைச் சொன்னனீங்களெண்டு ஆக்களுக்கு விளங்காதோ?"

வகுப்பில் படிப்பித்த காலம் முழுக்கப் பொடியள் என்றால் என் மாணவர்கள். இன்று, நாங்கள் விட்டுவந்த ஊரில் ஆயுதம் தூக்கிப் போராடப் போனவர்களுக்கு மட்டுமே அந்தச் சொல். எப்படி மறந்தேன்?

மனைவி திரேசா குசினியில் சமைத்தபடி: "உங்களுக்குக் கதைக்க வேறை நாடு கிடைக்கேல்லையோ?"

பெப். 17, வியாழன்
கடையில் வெண்டிக்காய் வாடல். தெரிந்த இருவர் முகம் திருப்பினார்கள். தையல் கூட்டத்துக்குத் திரேசாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் ஊசிப்பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சனி ஒன்றுகூடலில் விளக்கம் தர வேண்டுமாம். இல்லாவிட்டால் இனிப் பேச்சு இல்லை. ஒரு வரி போதும்: மார்க்குஸை நினைத்துத்தான் சொன்னேன். உண்மையும் அதுதான். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன்.

பெப். 19, சனி
வெயில், கடுங்குளிர். மண்டபம் நிறைய ஆட்கள். கோஸ்டா ரிக்காவுக்கு இத்தனை பேர் வரவில்லை.

அன்ரன் கேட்டான்: "எந்தப் பொடியள், மாஸ்டர்?"

எழுந்தேன். முன்வரிசையில் றோசம்மா. மகன் ஊரில் ஏ.எல். உயர்வகுப்பிலிருந்து எழும்பிப் போராடப் போனவன். இன்றுவரை தகவல் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடமாக்கிய வரி வரவில்லை.

"எல்லாப் பொடியளும்தான்."

கதிரைகள் இழுபடும் சத்தம். அன்ரன் மரியாதையாகத்தான் சொன்னான்: "இனி உங்களுக்குக் கரைச்சல் தரமாட்டம் மாஸ்டர். வீட்டிலை ஆறுதலா இருங்கோ."

பஸ் தரிப்பிடத்துக்கு றோசம்மா பின்னால் வந்தார்.
"மாஸ்டர், ஆமிக்குச் செலவழிக்காத காசை அந்த நாட்டிலை என்ன செய்யினம்?"
"பள்ளிக்கூடம் நடத்தினம்."
"ஓம்" என்றார். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. "மிச்சத்தையும் சொல்லுங்கோ" என்றார்.