கதவை மூடியது சரிதான்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முப்பத்தோரு எக்ஸ்ரே. பதினெட்டு நெஞ்சு, ஒன்பது முழங்கால், நாலு கை. "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி வீட்டுக்கு வந்தும் இவரிடம் அதே அதிகாரத்தில் பேசினேனாம். "நான் எப்ப விடணும்னு சொல்லிடு, காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். நக்கலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மகள் சோபாவில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு போனில் 'நெடுவான்' பார்க்கிறாள். ஒன்றரை வேகத்தில்! "ஏண்டி, இப்படி ஓட்டினா அழுகை எங்க வரும்?" என்றேன். "அழறதுக்கா பார்க்கறாங்க? ஏழு சீசன் பாக்கி இருக்கும்மா" என்கிறாள்.

முப்பத்திநாலு வருடமாக ஓடும் விண்கப்பல் கதை. தொடராக வந்தது, காமிக்ஸாக வந்தது, படமாக வந்தது, மறுபடி தொடராக வருகிறது. அது தொடங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மகளுக்கும் வரப்போகும் மாப்பிள்ளைக்கும் பழக்கம் ஆனதே புது நெடுவான் படத்துக்கு டிக்கெட் வாங்கும் வரிசையில்தான். ஆனால் இரண்டு பேரும் முதல் மூன்று சீசனைத் தொட்டதில்லை. "கப்பல் சுவரு ஆடுதும்மா" என்று சொல்லிச் சிரிப்பு. ஆடட்டுமே. அட்டைச் சுவரானாலும் அதற்குள் நடந்தது கதை.

மார்ச் 8, ஞாயிறு

சம்பந்தி வந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகுதான் சம்பந்தி. நான் இப்போதே அப்படித்தான் கூப்பிடுகிறேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயது. மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. ரொம்ப நிதானமான மனிதர், ஒரு பிஸ்கட்டைக் கால் மணி நேரம் சாப்பிடுகிறார். ஏப்ரல் இருபத்திநாலு, வெள்ளிக்கிழமை, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது மாப்பிள்ளை சொன்னான்: "அத்தை, அப்பாவும் உங்களை மாதிரி பழைய நெடுவான் ஆளுதான். அந்தக் காலத்துல ரசிகர் பத்திரிகைக்கெல்லாம் லெட்டர் எழுதுவாராம். பேருகூட ஏதோ... வெளியாள்!"

எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. இவர் முதுகில் தட்டுகிறார், மகள் தண்ணீர் எடுக்க ஓடுகிறாள். நான் மூச்சுக் காட்டவில்லை.

மார்ச் 9, திங்கள்

வெளியாள். என் வீட்டில். என் சோபாவில். பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு!

மார்ச் 11, புதன்

பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கச் சொன்னேன். இவர் தும்மிக்கொண்டே இறக்கினார்.

விஷயம் இதுதான். இரண்டாவது சீசனின் கடைசிப் பாகம். கப்பலின் என்ஜின் அறையில் விஷக்காற்று. தளபதி கதவை மூடிவிடுகிறாள். என்ஜின்காரர் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறார். கண்ணாடி வழியாக அவர் தட்டுகிறார், அவள் திறக்கவில்லை. அவர் போய்விடுகிறார், முந்நூறு பேர் பிழைக்கிறார்கள். அவள் செய்தது சரியா, தப்பா? 'நெடுவான் மடல்' பத்திரிகையில் நாலு வருடம் இந்தச் சண்டை ஓடியது. சரி என்ற கட்சிக்கு நான்தான் தலைவி. எக்ஸ்ரே படிப்பு படித்துக்கொண்டிருந்ததால் புனைபெயர் 'எக்ஸ்ரே'. நாற்பத்தோரு கடிதம் எழுதினேன். தப்பு என்ற கட்சிக்கு ஒரே ஒருவர், வெளியாள். நான் என்ன அடித்தாலும் அடுத்த மாதம் எழுந்து வந்து நிற்பார்.

கடைசியில் ஒரு கடிதம் போட்டேன். அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று விடுதித் தோழிகளுக்கெல்லாம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். இருபத்தொன்பது வருடமாக இந்த வெற்றியை யார் கிடைத்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவருக்கு மனப்பாடம்.

இன்று எடுத்துப் படித்தேன்.

"வெளியாள் அவர்களே, அந்த என்ஜின்காரருக்காக அழுகிற நீங்கள் வாழ்க்கையில் ஒரு கதவைக்கூட மூடியிருக்க மாட்டீர்கள். பத்திரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு அழுவது ரொம்பச் சுகம். உங்களை அந்தக் கைப்பிடிக்குப் பக்கத்தில் நிறுத்தினால், முதலில் ஓடுகிற ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்."

வாய்க்கொழுப்பு! முகம் தெரியாத மனுஷனை இப்படியா எழுதுவது?

இவரிடம் காட்டினேன். "பழைய குப்பை. மறுபடி பரண்ல போடு" என்றார். போடலாம். ஆனால் எனக்கு வயிற்றில் எதுவும் தங்காது. நாளைக்கு என் மகளே அந்த வீட்டில் வாழப்போகிறாள். நானே போய்ச் சொல்லி, ஒரு மன்னிப்பும் கேட்டுவிட்டால் முடிந்தது. இதில் என்ன பெரிய கஷ்டம்?

மார்ச் 15, ஞாயிறு

கஷ்டம்தான்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. அவர் வீட்டுக்குப் போய், "நான்தான் எக்ஸ்ரே" என்றேன். மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "நீங்களா! அடடா, நான் யாரோ பெரிய வக்கீலுன்னு நெனச்சேன்!" என்றார். மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்றார். அந்தக் கடைசிக் கடிதத்துக்கு என்றேன். எந்தக் கடைசிக் கடிதம் என்கிறார்!

படிக்கவே இல்லையாம். அந்த வருடம்தான் மகன் பிறந்தானாம். வீடு மாறிவிட்டார்களாம். பத்திரிகை பழைய விலாசத்துக்குப் போய்விட்டது. பிறகு இரண்டு ஷிப்ட் வேலை, எழுத நேரமில்லை. அவ்வளவுதான்.

நான் ஜெயிக்கவே இல்லை! இருபத்தொன்பது வருடப் பீற்றல்! எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. ஒரு மணி நேரம் பழையபடி கட்சி கட்டிச் சண்டை போட்டோம். எனக்கு வயது பாதியாகிவிட்டது. அப்போது அவர், "அப்படி என்னதான் எழுதினீங்க? படிங்க, கேப்போம்" என்றார்.

கைப்பையில் இருந்தது. படித்தேன். சும்மா படிக்கவில்லை, குரலை ஏற்றி இறக்கி, கையை ஆட்டி, மேடையில் பேசுவது போல.

முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "டீ ஆறிடுச்சு" என்று தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடம் வரவில்லை. நான் கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

மாப்பிள்ளை போன் செய்தான். பதிவுத் தேதியைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாமா என்று அப்பா கேட்கிறாராம். காரணம் சொல்லவில்லையாம். சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம்.

மகள் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?"

"மன்னிப்புதானடி கேக்கப் போனேன்."

"மன்னிப்புக் கேக்கப் போன எடத்துலயும் ஜெயிச்சுட்டு வந்திருக்கே. உனக்கு எங்கேயும் ஜெயிக்கணும்."

கதவைச் சாத்திக்கொண்டாள். உண்மையத்தான சொல்லிட்டுப் போறா. நான் பெத்த பொண்ணு, கல்யாணத்தை நானே கெடுத்துட்டேனோ? அதுவும் எதுக்கு, ஒரு அட்டைக் கப்பலுக்கு!

மார்ச் 20, வெள்ளி

மதியம் பன்னிரண்டு மணிக்கு எக்ஸ்ரே அறைக்கு வெளியே டோக்கன் வரிசையில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். கையில் டோக்கன் நாற்பத்திரண்டு. "எங்க வலி?" என்றேன், பயத்தில். "வலியெல்லாம் இல்ல சம்பந்தியம்மா. பேசணும். வரிசைல வர்றதுதான முறை" என்றார்.

சாப்பாட்டு நேரம் வந்ததும் உள்ளே உட்கார வைத்தேன். நான் கதிர் தடுக்கும் ஈய அங்கியைக்கூடக் கழற்றவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

லிஃப்ட் வேலைக்கு வருவதற்கு முன் அவர் ஐஸ் ஃபேக்டரியில் இருந்திருக்கிறார். வயது இருபத்தாறு. ஒரு நாள் காலை மெஷின் ரூமில் அமோனியா குழாய் வெடித்துவிட்டது. உள்ளே ஒரு வெல்டர் வேலை செய்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம், ஐஸ் கட்டி இறக்கும் கூடத்தில், பதினோரு பேர். இரண்டுக்கும் நடுவே இருந்த இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் நின்றவர் சம்பந்தி.

"நான்தான் மூடினேன். அவர் தட்டினாரு. நான் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஓடலை, சம்பந்தியம்மா. ஓடியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

மூன்று வருடம் கழித்து டிவியில் அந்தப் பாகத்தைப் பார்த்தாராம். அப்போதுதான் எழுத ஆரம்பித்தாராம்.

"தப்பு தப்புன்னு எழுதினேனே, யாராவது என்னை வாதத்துல தோக்கடிச்சு, இல்லடா சரிதான்னு சொல்லணும்னுதான். ஒவ்வொரு மாசமும் உங்க லெட்டரைத்தான் மொதல்ல தேடுவேன். நல்லாத்தான் எழுதுவீங்க. ஆனா பத்தலை."

இருபத்தேழு வயசுல என்ன தெரியும்னு நான் அப்படி எழுதினேன்? அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னதெல்லாம் தப்பு, அந்தத் தளபதி திறந்திருக்கணும் என்று ஏதேதோ உளற ஆரம்பித்தேன். அவர் சட்டென்று நிறுத்தினார்.

"பாவம்னு கட்சி மாறிடாதீங்க! நீங்க ஒருத்தராவது அந்தப் பக்கம் நில்லுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மாறலை. கதவை மூடினது சரிதான். பதினோரு பேர் வீட்டுக்குப் போனாங்க. அன்னைக்கும் இதான் சொன்னேன், இன்னைக்கும் இதான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

தேதியை ஏன் தள்ளச் சொன்னார் என்றும் தெரிந்தது. மகனுக்கு இது தெரியாது. மனைவிக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்தில் எல்லோரும் நல்ல மனுஷன் என்று சொல்லும்போது, மகனிடம் மறைத்துவிட்டு அங்கே நிற்க முடியாதாம். சொல்லவும் வாய் வரவில்லையாம்.

"அதை என்கிட்ட விடுங்க" என்றேன். இந்த மாதிரி வேலையெல்லாம் எனக்குக் கைவந்த கலை.

மார்ச் 29, ஞாயிறு

எங்கள் ஹாலில் ஐந்து பேரும். இரண்டாவது சீசன், கடைசிப் பாகம். ஒன்றரை வேகம் கூடாது, போன் கூடாது, இது என் உத்தரவு. பிள்ளைகள் இருவரும் முதல் பத்து நிமிடம் சுவர் ஆடுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். இருபதாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றது. இவர்கூடத் தூங்கவில்லை, அதுவே அதிசயம்.

கதவு மூடியதும் சம்பந்தி ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். சொன்னார். சுருக்கமாக, நாலைந்து வாக்கியம்தான். மாப்பிள்ளை அப்பா பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டான். நான் என் மகளைப் பார்த்தேன். இவள் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லிவிடுவாளோ என்று பயம். வாய் என்னுடையது அல்லவா?

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தாள்.

"முந்நூறு பேர் இருக்கற கப்பல்ல, இவ்ளோ பெரிய என்ஜின் ரூமுக்கு ஒரே கதவா? இன்னொரு வழி எங்க? எந்தப் படுபாவி இதுக்குப் பிளான் போட்டான்?"

அவள் திரும்பினாள். "மாமா, உங்க ஃபேக்டரில அந்த ரூமுக்கு எத்தனை கதவு?"

அவர் விரலால் சோபாக் கையில் அந்த அறையை வரைந்து பார்த்தார். "ரெண்டு. பின்பக்கம் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி உப்பு மூட்டை அடுக்கி வெச்சிருந்தாங்க. கூரை வரைக்கும்."

"யாரு அடுக்கச் சொன்னது?"

"மொதலாளி. குடோனுக்கு வாடகை மிச்சம்."

"அப்புறம் விசாரணைல அதைக் கேக்கலையா?"

"யாரும் கேக்கலம்மா. கதவை யாரு மூடினதுன்னுதான் கேட்டாங்க." அப்புறம், மெதுவாக, "நானும் கேக்கல."

முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். நாங்கள் அழ விட்டோம்.

நாற்பத்தோரு கடிதம் எழுதினேன் நான். அவர் அதற்கு மேல். நாலு வருடம் ஒரு கைப்பிடியை இருவருமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோமே, இன்னொரு கதவு எங்கே என்று ஒருவருக்காவது தோன்றியதா? சுவர் ஆடுகிறது என்று சிரித்தவளுக்குத் தோன்றுகிறது. பெருமையாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் எரிச்சலும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

தேதி மாறவில்லை. அதே இருபத்திநாலு. மகள் என்னிடம் பேசிவிட்டாள், முதல் வார்த்தையே, "என் நீலச் சட்டையை எங்க வெச்சே?" அது போதும்.

ஏப்ரல் 4, சனி

சம்பந்தியுடன் பஸ்ஸில் மூன்று மணி நேரம். வெல்டரின் மனைவி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். முப்பத்தாறு வருடமாக அந்தப் பக்கமே போனதில்லையாம். துணைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். டூட்டி மாற்றிக்கொண்டு போனேன்.

சின்ன வீடு, தையல் மெஷின், நிறையத் துணி. அந்த அம்மாவுக்கு எழுபது இருக்கும். வழி நெடுக ஒத்திகை பார்த்ததையெல்லாம் சம்பந்தி மறந்துவிட்டு வாசலிலேயே நின்று, "கதவை மூடினது நான்தாம்மா. பின்கதவை மறைச்ச உப்பு மூட்டையப் பத்தி நானும் வாய் திறக்கலை" என்றார். நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தேன் என்று வீட்டில் இவரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

"தெரியும் தம்பி. அன்னைக்கே சொன்னாங்க" என்றார் அந்த அம்மா. "அந்த மூட்டைய எடுக்கச் சொல்லி அவர் தெனம் சண்டை போட்டுக்கிட்டிருந்தாரு. அது எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அப்புறம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது சரி, இவ்ளோ நாளா ஏன் வரலை?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். அந்த அம்மா துணிகளை நகர்த்தி நாற்காலி போட்டார்.

ஏப்ரல் 24, வெள்ளி

பதினொன்றரைக்கு முடிந்தது. சாட்சிக் கையெழுத்து மூன்று பேர் போட வேண்டும். மாப்பிள்ளை பக்கத்துக்குச் சம்பந்தி, எங்கள் பக்கத்துக்கு இவர். மூன்றாவது யார் என்று எழுத்தர் கேட்டதும் சம்பந்தி திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சம்பந்தி பெயருக்குக் கீழே தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார்.