டொக்டர் மகளுக்கு நான் எழுதிய பொய்

குருக்கள்மடம்
14.03.2010

அன்பு மகள் உசாந்திக்கு,

நீயும் மருமகன் சிவதர்சனும் அந்தக் குளிரில் நோய்நொடி அண்டாமல் இருக்கக் கண்ணகை அம்மாள் துணை நிற்க வேண்டும். அவள் கிருபையால் நான் நடமாட்டமாய் இருக்கிறேன், பிறசர் குளிசையைத் தவறவிடுவதில்லை. கிரானில் நம்முடைய வயல் வட்டையில் நெல் வெட்டு முடிந்துவிட்டது, சண்டைக்குப் பிறகு பயமில்லாமல் போய் வரலாம், ஆனால் வெயிலில் நிற்க எனக்குத்தான் முன்னைப்போல் முடிவதில்லை. போன கிழமை நீ ரெலிபோனில், நம் ஒழுங்கை முனையில் மீன் விற்கிற மஜீட் எப்படி இருக்கிறார் என்று கேட்டாய், நல்லாய் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். மஜீட் இல்லை மகள். மௌத்தாகி நாற்பது நாள் கடந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்ல வாய் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சுனாமி அன்று நீ கொழும்பு ஆஸ்பத்திரி வேலையிலிருந்து லீவில் வந்து நின்றாய். அம்மாவைத் தண்ணீர் வேலியோடு அள்ளிப்போய் வாவிக்கரைக் கண்ணாப் பற்றைக்குள் விட்டதையும், உயிரோடு தூக்கி வந்து, பிழைத்துவிட்டாள் என்று நாம் கும்பிட்டதையும் நீ மறந்திருக்க மாட்டாய். மூன்றாம் நாள் பள்ளிக்கூட முகாமில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, தன் மூத்த பிள்ளையை முதல் நாள்தான் அடக்கிவிட்டு வந்திருந்த மஜீட் மீன் லொறியைத் திருப்பினார். பின்னுக்கு இருந்து நீ அவள் நெஞ்சை அமத்திக்கொண்டே வந்தாய். உன் கை ஓய்ந்தபோது என் முகத்தைப் பார்த்து, “அடைப்புத்தான் அப்பா, ஒரு கம்பிய விட்டுத் திறந்திருந்தா அம்மா இரிப்பா” என்று சொன்னாய். அழக்கூட இல்லை. அந்த வேலையைப் படிக்கத்தான் நீ கடல் கடந்து போனாய் என்பது எனக்குத் தெரியும். மணிக்கட்டு நாடி வழியாக மயிர் மாதிரி ஒரு கம்பியை இதயம் வரைக்கும் அனுப்பி அடைப்பைத் திறக்கிறதை நீ ரெலிபோனில் விளங்கப்படுத்தினபோது, நாற்பது வருடம் வாய்க்கால் பார்த்த ஓவசியர் எனக்கு அது நன்றாய் விளங்கியது.

இரண்டாயிரத்து எட்டு ஆனி மாதம், படிப்பு முடிந்தது, ரிக்கற் எடுத்துவிட்டேன், ஊரிலேயே வேலை செய்யப் போகிறேன் என்று எழுதினாய். அதற்கு நான், இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து உன் பெயரைச் சொல்லி எப்போது வருவாய் என்று விசாரித்தார்கள், இப்போதைக்கு வராதே என்று பதில் போட்டேன். அந்த நாளில் எத்தனையோ வீடுகளுக்கு அப்படி வந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள், அதனால் நீ நம்பினாய். ஆனால் நம் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை மகள். அம்மாவுக்குப் பிறகு உன்னையும் இழக்க என்னிடம் தெம்பு இல்லை. பயம் மட்டும்தான் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். மகள் லண்டனில் இதய டொக்டர் என்று சந்தியில் நின்று சொல்வது எனக்கு இனிப்பாய் இருந்தது. நீ ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “உங்கட சொல்லுக்காக நிக்கிறன் அப்பா” என்று எழுதின கடிதத்தை நான் இரண்டாம் தரம் படிக்கவில்லை.

அந்தப் பொய்யை மஜீட்டுக்கும் சொன்னேன். அதற்குப் பிறகு தெரியாத ஆள் யார் நம் ஒழுங்கைக்குள் வந்தாலும் அந்த மனுசன் ஓடிப்போய் மறித்து, ஓவசியருக்கு மகளே இல்லை என்று சொல்லுவார். ஒருநாள் மின்சார இலாகா ஆட்களிடமும் அப்படிச் சொன்னார், நான் உள்ளே இருந்து வெட்கப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை வலை பிரித்துக்கொண்டு இருந்தவருக்கு நெஞ்சு நோவு வந்தது. இங்குள்ள டொக்டர்மார் இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள், சரிவரவில்லை, நீ செய்கிற வேலைக்கு இங்கே வசதி இல்லை, கொழும்புக்குத்தான் ஏற்ற வேண்டும் என்றார்கள். அம்புலன்சில் மனைவி றஸீனாவோடு நானும் போனேன். வெலிக்கந்தை தாண்டினபோது என் கையைப் பிடித்து, “சண்ட முடிஞ்சிதே ஓவசியர், இனி அவனுகள் வர மாட்டானுகள். புள்ளய வரச் சொல்லுங்களன்” என்றார். நான் ஓம் என்றேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு இப்பிடி வந்தத அவக்கிட்டச் சொல்லிராதீங்க, மறுகா அவ அங்க இரிந்து மனசு உடைவா” என்றார். பொலன்னறுவைக்கு அப்பால் அடங்கிவிட்டார். நீ வந்திருந்தாலும் ஒரு ஆளால் அந்த மெஷின் எல்லாம் வந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். நீ வந்திருந்தால் அதைக் கேட்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராய் ஏறியிருப்பாய் என்றும் எனக்குத் தெரியும்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதின அன்று போயிருந்தபோது றஸீனாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவ, “என்னத்துக்கு என்னட்டச் சொல்லுறீங்க, வரவிருந்த புள்ளக்கிட்டச் சொல்லுங்க” என்று சொல்லி எழும்பிப் போனா. ஆனாலும் மற்றவர்களுக்குப்போல் எனக்கும் தேத்தண்ணி வந்தது. அதைக் குடிக்கக் கஷ்டமாய் இருந்தது.

வா என்று இதில் நான் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. ஒரு தரம் உனக்காக முடிவெடுத்தது போதும். நீ கோபப்பட்டால் அது நியாயம், எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் நான் குறை நினைக்க மாட்டேன். ஆனால் எனக்கு எடுக்கும் முன் றஸீனாவுக்கு ஒரு கோல் எடு, பகல் லுகர் தொழுகைக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பா. வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை விடாதே, அம்மாவும் அப்படித்தான் இருந்தா. உன் கை தொட்ட உயிரெல்லாம் நிலைக்க வேண்டும், நீங்கள் இருவரும் நிறைவாய் வாழ வேண்டும் என்று அம்மாளை மன்றாடுகிறேன்.

உன்னை ஏமாற்றின,
அப்பா
வீ. வினாயகமூர்த்தி