கடைசிப் பெட்டியின் கடைசி ஜன்னல்

வெள்ளவத்தை,
2007 செப்டெம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்களுக்கு முன்னால் இதை வாசிக்கும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். இதில் படங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அம்மா சுகம். அனுப்பிய பனியனும் சவர்க்காரமும் கிடைத்தனவா? உங்கள் போன கடிதத்தில் நான்கு வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. அவற்றில் என்ன இருந்திருக்கும் என்று அம்மா தினமும் கேட்கிறார். உங்கள் கையெழுத்து ஏன் இப்படிச் சாய்ந்துவிட்டது என்று நான் கேட்கவில்லை.

தியாகராசா அங்கிளின் கொம்பியூட்டர் கடையில் இரண்டு வருடம் இருந்து நீங்கள் வரைந்த பன்னிரண்டு படங்களையும் அவர் இணையத்தில் வைத்திருக்கிறார். யாரும் இலவசமாக இறக்கித் திரையில் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 800×600, 1024×768, 1280×1024 என்று மூன்று அளவில். கீழே ‘ஓவியம்: வே. தியாகராசா’.

அதைக்கூட விட்டிருப்பேன். மார்ச் மாதம், “கொழும்பில் உனக்கு என்ன வேலை?” என்று கேட்டுப் பொலிஸ் உங்களைக் கொண்டுபோன மறுநாள், அம்மா அவரிடம் ஒரு வேலைக் கடிதம் கேட்டு நின்றார். “அவன் இஞ்ச வேலை செய்யேல்லை அம்மா. சும்மா பழக வந்த பெடியன்” என்றார். வேலை செய்தீர்கள் என்றால், வரைந்தது நீங்கள் என்று ஆகிவிடுமே! அம்மா அழுதார். நான் அங்கிளின் புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் வாயாலேயே உண்மையை வரவைப்பதென்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஐந்து மாதம் பொறுத்தேன். ஓகஸ்ட்டில் அவர் எட்டு அகலத் திரைகள் வாங்கினார். பழைய படங்களைப் போட்டால் இழுபட்டு, ரயில் பெட்டியெல்லாம் பூசணிக்காயாகிவிட்டது. மூலப் படத்திலிருந்து புதிதாக வெட்ட அவருக்குத் தெரியாது. யாரிடம் கேட்டார் தெரியுமா? என்னிடம்! “பிள்ளை, கொண்ணன் உனக்குக் காட்டித் தந்தவன்தானே? 1440×900 அளவில ஒருக்கா வெட்டித் தாவன்.” கொஞ்சமும் கூச்சமில்லை.

நீங்கள் எப்போதும் அகலமாக வரைந்து, பிறகுதான் அளவுக்கு வெட்டுவீர்கள். கரையோர ரயில் படத்தின் வலது ஓரத்தில், கடைசிப் பெட்டியின் கடைசி ஜன்னலில் நான் புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பேன். அதன் கீழே உங்கள் பெயரும் கடைப் பெயரும் தேதியும். பழைய திரைகளுக்கு வெட்டும்போது அந்த ஓரம் போய்விடும். அகலத் திரையில் வரும். நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் வெட்டிக் கொடுத்தேன். அவருடைய மேசைமேல் இருந்த பழைய சின்னத் திரையில் அந்த எழுத்து எறும்பு வரிசை போலத்தான் தெரிந்தது. “கெட்டிக்காரி” என்று ஒரு டொபி தந்தார். அதையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

போன ஞாயிறு புதுத் திரைகளுக்குத் தேங்காய் உடைத்தார். வகுப்புத் தோழி ஹப்ஸாவை அழைத்துப் போயிருந்தேன். எட்டுத் திரையும் ஒன்றாக ஒளிர்ந்தபோது அவள் நான் சொல்லிவைத்தபடியே உரக்கக் கேட்டாள்: “அங்கிள், யாரு இந்தப் பழனிமுத்து? எட்டு ஸ்கிரீன்லயும் அவர்ட பேர்தான் ஈக்கிது!”

வந்திருந்த சட்டத்தரணி ஒருவர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து வாசித்தார். “உங்கட கடைப் பேரும் கிடக்கு, போன நவம்பர் தேதியும் கிடக்கு. ஆரப்பா இது, உங்கட வேலையாளோ?” அங்கிள் என்னைப் பார்த்தார். அது என் அண்ணன், இங்கே இரண்டு வருடம் வேலை செய்தவர், அவரைப் பொலிஸ் கொண்டுபோனபோது அவர் இங்கே வேலை செய்யவில்லை என்று சொன்னவர் இந்த அங்கிள்தான் என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன். நீட்டிய வடைத் தட்டு அப்படியே நின்றது, யாரும் எடுக்கவில்லை.

அன்று மாலையே கடையின் பெயர் அச்சிட்ட தாளில் வேலைக் கடிதம் வந்தது. சட்டத்தரணி அதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்திருக்கிறார். பிரதி இத்துடன்.

அந்தப் பெயரை அழித்துத் தரும்படி அங்கிள் கைகூப்பிக் கேட்டார். அதை அழிக்க அண்ணாவுக்குத்தான் தெரியும், அவர் வரும்வரை இருக்கட்டும் என்றேன். “போதும் லெட்சுமி, விட்டுரு. அந்த மனுசன் மொகத்தப் பாக்க முடியல” என்கிறார் அம்மா. என்னால் பார்க்க முடிகிறது. பள்ளி விட்டதும் தினமும் அந்த வாசலில் நின்று பார்க்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் அம்மா சொல்லைக் கேட்கமாட்டேன். நீங்களும் மன்னிக்கச் சொல்லாதீர்கள்.

முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். படத்தை யார் எந்த அளவுக்கு வெட்டினாலும் நான் சரிசெய்துகொள்வேன். நீங்கள் மட்டும் ஓர் ஓரமும் குறையாமல் வந்து சேருங்கள், அண்ணா.

கடைசி ஜன்னலில் காத்திருக்கும்
தங்கை இராமலெட்சுமி