ஈசானிய மூலையில் ஒரு கடல்

அன்பும் கோபமும் சரிபாதியாக என் மனசில் இருக்கிற மாமாவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க முடியாது. நாங்கள் இங்கே நலமில்லை, அதற்குக் காரணம் நீங்கள். செத்தவரைத் திட்டக் கூடாது என்று கடலூரில் எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. சொல்கிறவர்கள் வீட்டில் யாரும் கூடத்தில் ஒரு சுறாமீனை விட்டுவிட்டுப் போகவில்லை.

மனுஷர்கள் வீட்டை விட்டுப் போவார்கள், நிலத்தை விட்டுப் போவார்கள், தீராத வழக்கைக்கூட விட்டுப் போவார்கள். நீங்கள் என் அக்காவுக்கு விட்டுப்போனது என்ன? சிதம்பரத்து வீட்டில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடித் தொட்டி, அது நிறையக் கடல் தண்ணீர், அதன் அடிமணலில் நாள் முழுக்கப் படுத்துக்கிடக்கும் ஒரு சுறா. பரங்கிப்பேட்டையில் யாருடைய வலையிலோ சிக்கிய குட்டியை வாளியில் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். இப்போது அது என் கை நீளம் இருக்கிறது. ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்கு இறால் தின்கிற அதற்குத் 'துரை' என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான்.

அது வந்த நாளோடு உங்கள் வீட்டில் சுறாப் புட்டு நின்றுபோனது. "அது பாத்துக்கிட்டு இருக்குது, அது எதிர்ல அதோட சொந்தக்காரன உதிர்த்து வதக்குவியா?" என்று அக்காவைக் கேட்டீர்களாம். நல்லது. உங்களுக்குப் படையல் போட்ட அன்று, உங்களுக்குப் பிடித்ததை எல்லாம் வைத்தோம், சுறாப் புட்டைத் தவிர. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு அதைவிடப் பிடித்தது வேறு என்ன இருந்தது? அக்கா கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வாழைக்காய் வறுத்தாள்.

நீங்கள் போனதிலிருந்து அக்கா வீட்டுப்படி தாண்டவில்லை, மாமா. நீங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்தில், வெயிலில், அப்படியே உட்கார்ந்து நீங்கள் போய்விட்டதாக அவளுக்குப் போனில்தான் சொன்னார்கள். அதிலிருந்து அவள் அந்தத் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கடலூருக்கு என்னோடு வா என்றால், "தொரைக்கு யாரு எறா போடறது?" என்பாள். பெங்களூரில் இருக்கும் உங்கள் மகன், "சித்தி, அத யாருக்காவது குடுத்துடுங்க" என்கிறான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். யார் வாங்கிக்கொள்வார்கள்?

ஞாயிறு தவறாமல் சாமியார்பேட்டைக்குப் போய் கேன் கேனாகக் கடல் தண்ணீர் பிடித்துவந்து, தொட்டியில் பழையதில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவீர்களே, அந்த வேலையை நான் செய்கிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்றாள். மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை கேட்டதும் கத்திவிட்டாள். "இது அவுரு கடைசியா கொண்டாந்த தண்ணிடி தேனு. இதயும் எடுத்து சாக்கடையில ஊத்தச் சொல்றியா?"

பழைய தண்ணீரில் மீன் வாழாது என்று அவளுக்கு நீங்களாவது சொல்லுங்கள்.

இதற்கிடையில் துரை இளைக்க ஆரம்பித்தது. போட்ட இறால் மணலில் கிடந்து நாறியது. தொட்டியில் தண்ணீர் மட்டம் வேறு தினமும் இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்கும் நீங்கள் பாடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். காய்ந்து போவது வெறும் தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும், அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும் என்று. அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, குடிக்க வாங்கும் கேன் தண்ணீரைத் தினமும் காலையில் துரைக்கு ஊற்றினாள். தனக்கு டீக்கும் சாம்பாருக்கும் குழாய்த் தண்ணீர். கொதிக்கத்தானே போகிறது என்பது அவள் கணக்கு. எனக்கு ஒரே பயம்தான். இதுவும் செத்தால் இவள் என்ன ஆவாள்? இன்னொரு சாவைத் தாங்குகிற தெம்பு அவளிடம் இல்லை.

அதே நாட்களில்தான் டீ திரிய ஆரம்பித்தது. அக்கா பால்காரரைப் பிடித்துக்கொண்டாள். அவர், "என் மாட்டு மேல சத்தியமா நல்ல பாலும்மா" என்று வாசலில் நின்று புலம்பினார். ஆளை மாற்றினாள், புதுப் பாலும் திரிந்தது. சாம்பார் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வெளியே போய், பாவம், துக்கத்தில் ரெண்டு தடவை உப்புப் போடுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்த நான், "அக்கா, உப்பு ஜாஸ்தி" என்றேன். "நான் இன்னைக்கு உப்பே போடலடி" என்றாள், அழுகிற குரலில். எழுந்துபோய்க் குழாயைத் திறந்து ஒரு கை பிடித்துக் குடித்தேன். கரித்தது. நேராகக் கூடத்துக்கு வந்து தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர் உப்புக் குறைந்து சப்பென்று கிடந்தது. தொட்டிக்குக் கீழே விரித்திருந்த பாயைத் தூக்கினேன். டைல்ஸ் இடுக்கெல்லாம் ஈரம், ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

மாமா, ஊருக்கெல்லாம் வீடு கட்டிக்கொடுத்த மனுஷர் நீங்கள். ஈசானிய மூலையில்தான் தண்ணீர் இருக்க வேண்டும் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னவர். அதனால்தான் வீடு கட்டும்போது அந்த வடகிழக்கு மூலையில், தரைக்கு அடியில், வீட்டுத் தண்ணீருக்குச் சம்ப் கட்டினீர்கள். அப்புறம் வராண்டாவை அடைத்துக் கூடத்தைப் பெரிதாக்கினீர்கள், சம்ப் கூடத்துக்குள் வந்துவிட்டது. அப்புறம் சுறாத் தொட்டி. அதுவும் தண்ணீர்தானே, அதற்கும் ஈசானிய மூலைதானே! ஒரு லாரிப் பாரத்தைச் சம்ப் மூடியின் தலையில் தூக்கி வைத்தீர்கள். மூடி விரிசல் விட்டது, தொட்டி ஒரு மூலையில் இறங்கி அடியில் கசிந்தது. உங்கள் கடல் சொட்டுச் சொட்டாகச் சம்ப்பில் இறங்கி, மோட்டாரில் மாடித் தொட்டிக்கு ஏறி, குழாய் வழியாக அக்காவின் அடுப்புக்கு வந்துகொண்டிருந்தது. உங்களுக்குக் கட்டடம் கட்டத் தெரியும் என்று யார் சொன்னது?

இதை எல்லாம் நான் கூடத்தில் நின்று உங்கள் போட்டோவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டுவிட்டேன். அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள், கையில் திரிந்த டீ.

"இப்ப எதுக்குக் கத்துற?"

"அக்கா, மாமா கொண்டாந்த தண்ணி ஏறக்கொறைய போயிடுச்சு. தொட்டியில இருக்கறது பாதிக்கு மேல நீ ஊத்துன கேன் தண்ணி. உப்பு இல்லாமத்தான் தொரை சாவுது."

அவள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப அவுரு தண்ணி எங்கடி?"

நான் அவள் கையிலிருந்த டம்ளரைக் காட்டினேன்.

டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் திரிந்த டீயை, கட்டியோடும் கரிப்போடும், அடிவரைக்கும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "காரை எடு. புதுத் தண்ணி கொண்டாரலாம்" என்றாள்.

நீங்கள் போன பிறகு அவள் செருப்புப் போட்டது அன்றைக்குத்தான்.

இப்போது உங்கள் பழைய கொத்தனார்தான் சம்ப் மூடியை உடைத்துப் புதிதாகப் போடுகிறார், வேலை முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே. துரையை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம். நேற்று ஒரு இறாலை எடுத்துக்கொண்டது. அந்தத் தொட்டியைத் தென்மேற்கில், கன்னி மூலையில் வைத்திருக்கிறோம். அங்கே தண்ணீரே ஆகாது என்பீர்கள், தெரியும். வந்து தடுங்கள் பார்ப்போம்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்தது வேறு. அன்றைக்குச் சாமியார்பேட்டையில் அக்காவும் நானும் புடவையை நனைத்துக்கொண்டு கேன் பிடித்தோம். நிரம்பினதைத் தூக்க முடியவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் தானாக வந்து கை கொடுத்தார். கேனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"சுறாக்காரரு வீடா? அவுரு எங்கம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம்?"

உங்களை இத்தனை நாள் வாய் ஓயாமல் திட்டின எனக்கு, நீங்கள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. நீங்கள் இல்லாதது எனக்குத் தாங்கவில்லை, மாமா. அக்காதான் கேனின் மூடியை இறுக்கித் திருகிவிட்டு நிமிர்ந்தாள்.

"அவுரு போயிட்டாருண்ணா. இனிமே நான்தான் வருவேன்."

சொல்லிவிட்டாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் கடலூரிலிருந்து நானும் வருவேன். வழி முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டே வருவேன், இது சத்தியம்.

உங்கள் வாயாடி மச்சினிச்சி,
தேன்மொழி