கைதட்டினால் நிற்கும் நாடகம்

அன்புள்ள அக்கா,

போனில் கதைத்தால் வேறு யாருக்குக் கேட்குமென்று உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பள்ளிக்கூடத்தால் எங்களைப் புத்தூர்க் கலை மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஓவியக் குழு, பாட்டுக் குழு, நாடகக் குழு என்று அறைக்கொன்று இருக்கிறது. நான் போனதும் குழப்பக் குழுவும் சேர்ந்துவிட்டது.

நாடகக் குழுவில் ஒரு முறை இருக்கிறது. பார்ப்பவர் எவரும் கைதட்டி நாடகத்தை நிறுத்தலாம். தட்டியவரே மேடையேறி நடித்துக் கதையை மாற்றவேண்டும். அன்றைய கதையில், குடித்துவிட்டு வந்த தகப்பன் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த என் வகுப்புக் கஜீபனைச் சிரிக்கவைக்கத்தான் நான் கைதட்டினேன்.

"வாரும் தம்பி, இனி நீர்தான் மகன்," என்றார் தகப்பனாக நடித்த தேவராஜா அண்ணை.

"அப்பா, கோப்பை பறக்குது. விசா எடுத்தாச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தலையைச் சொறியக் கையை உயர்த்தினார். நான் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டேன்.

பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை, அக்கா.

எங்களைக் கூட்டிவந்த ஐரிஸ் ரீச்சர் பக்கத்தில் வந்திருந்து, "வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அம்மாவும் நானும்," என்றேன்.

"அப்ப அப்பா?"

நான் சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

"வாற ஞாயிறு அம்மாவோடை கதைக்க வாறன்."

கன்னத்துக் காயத்தைப் பற்றிக் கேட்டால், அம்மா அவரிடமும் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்லுவா. நீ பக்கத்தில் இருந்தால் அப்படிச் சொல்லமாட்டா. அப்பா இருக்கும்வரை இந்த வாசற் படலையைத் திறக்கமாட்டேன் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. படலையை நான் திறந்து வைக்கிறேன். நீ கைதட்டவும் வேண்டாம், ஞாயிறு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றால் போதும்.

இது பகிடி இல்லை.

உன்ரை குழப்படித் தம்பி