கட்டாயம் வருகிறேன்

பிப்ரவரி 4, செவ்வாய்

மாலை வகுப்பில் ‘குட் ஈவினிங்’ சொல்ல வாயைத் திறந்தால் குரல் கட்டியிருந்தது. சளியெல்லாம் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவுதான். பால் வாங்கும்போதுகூடத் தலையை ஆட்டியே காரியத்தை முடித்துவிட்டேன். வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். அண்ணியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

இந்த ஆங்கிலப் பள்ளியில் வேலைக்கு எடுத்தபோது டைரக்டர் சொன்னார்: இந்த ஊர்ப் பாஷை எனக்குத் தெரியாததுதான் என் பெரிய தகுதியாம். அப்போதுதான் மாணவர்கள் வேறு வழியில்லாமல் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவார்களாம். கற்றுக்கொள்ளவும் வேண்டாம் என்று ஜாடையாகச் சொன்னார். நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன். வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் கடையில் உப்பு எங்கே என்று கேட்பதற்கு மேல் தெரியாது.

இன்று கூப்பிட்டு, அடுத்த வருடமும் இருக்கிறேனா என்று மாதக் கடைசிக்குள் சொல்லச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மனசுக்குள் எப்போதோ மூட்டை கட்டியாயிற்று.

பிப்ரவரி 6, வியாழன்

இன்றைய பாடம் விருந்துக்கு அழைப்பது. பாடம் முடிந்ததும் ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து, கற்ற வாக்கியங்களை என்னிடமே சொல்லிக் காட்ட வேண்டும். எங்கள் பள்ளி வழக்கம் அது. யார் எதற்கு அழைத்தாலும் நான் முகமெல்லாம் பல்லாக மாதிரிப் பதிலைச் சொல்வேன்: ‘மிக்க மகிழ்ச்சி, கட்டாயம் வருகிறேன்.’

டாக்சிக்காரர் தன் கல்யாணத்துக்கு அழைத்தார். அவருக்குக் காலேஜ் போகிற மகள் இருக்கிறாள். கட்டாயம் வருகிறேன் என்றேன். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண், தனக்குச் சொந்தமாக ஒரு தீவு இருப்பதாகச் சொல்லி அங்கே அழைத்தாள். அதற்கும் கட்டாயம் வருகிறேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசியாகத் தையற்கார அம்மா வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வகுப்பில் வாயே திறக்காதவர். என் கோட்டுக்கு ஜிப் மாற்றித் தந்தது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைக்கு மேலே இருக்கும் தன் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று ஒரு பிழைகூட இல்லாமல் சொல்லி முடித்தார். எனக்கு ஒரே பெருமை. கை தட்டி, மிக்க மகிழ்ச்சி, கட்டாயம் வருகிறேன் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இந்த ஞாயிற்றுக்கிழமைகளை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. துவைத்தேன், பெருக்கினேன், துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தேன். நேற்றைய குழம்பைச் சுடவைத்து ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிர் நாற்காலி காலியாக இருப்பது தெரிகிறது. எதிர்க் கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். வாசலில் செருப்பு கழற்ற இடமில்லாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெட்கத்தை விட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஃபோன் செய்தான். “என்ன சாப்பிட்ட?” என்றான். ஏதோ பெரிதாகச் சமைத்த மாதிரி சொல்லிவைத்தேன். மார்ச்சில் வந்துவிடுவேன் என்றேன். மாடி அறையை ஒழித்து வைக்கிறேன் என்றான்.

இந்த ஊரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, என்னை வீட்டுக்கு வா என்று சொன்னதில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தையற்கார அம்மா வரவில்லை. மழை காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றும் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் டாக்சிக்காரர் மட்டும் தயங்கி நின்றார். அவர் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன்.

“ஞாயித்துக்கிழமை ஏன் போகலை டீச்சர்? அந்தம்மா அக்காவையெல்லாம் வரவழைச்சு, சாயங்காலம் வரைக்கும் யாரும் சாப்பிடாம உக்காந்திருந்தாங்க.”

அது பாடமில்லையா என்றேன். நீங்கள்கூடக் கல்யாணத்துக்கு அழைத்தீர்களே என்றேன்.

“நான் விளையாடினேன். அவங்க ரொம்ப நாளா உங்களைக் கூப்பிடணும்னு இருந்தாங்க. எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை. அன்னைக்குத்தான் அந்த வாக்கியத்தை நீங்க சொல்லிக் கொடுத்தீங்க.”

ஐயோ. கை தட்டினேனே. அந்தம்மா வீட்டுக்குக் கூப்பிடுகிறார், நான் மார்க் போடுகிறேன். நான் ஜன்னலில் நின்று பழங்குழம்பு தின்றுகொண்டிருந்த நேரத்தில், மூன்று தெரு தள்ளி எனக்காக ஒரு வீடே பட்டினி. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

பிப்ரவரி 14, வெள்ளி

கடைக்குப் போனேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். நான் மூச்சுவிடாமல் மன்னிப்புக் கேட்டேன். பாடம் என்று நினைத்துவிட்டேன், என் மேல்தான் தப்பு என்றேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “பரவாயில்லை. தாங்கள் வந்ததற்கு மிக்க நன்றி. தங்கள் நாள் இனிதாக அமையட்டும்.”

மூன்றும் நான் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள். உச்சரிப்புக்கூட என்னுடையது. அவற்றுக்குப் பின்னால் கோபம் இருக்கிறதா, வருத்தம் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

பிப்ரவரி 15, சனி

டைரக்டருக்கு ‘இல்லை’ என்று எழுதிவிட வேண்டியதுதான். திங்கட்கிழமை எழுதுகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் குளித்துவிட்டு வந்தபோது ஒன்று தோன்றியது. அண்ணன் வீட்டுக்கு நான் என்றைக்காவது அழைப்பு வந்தா போயிருக்கிறேன்? பசித்தால் போவேன். தட்டை நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன். மன்னிப்புக் கேட்கப் போனால் மறுபடியும் அந்த மூன்று வாக்கியம்தான் கிடைக்கும். சாப்பிடவே போய்விட்டால்?

கையை வீசிக்கொண்டு போகக்கூடாதென்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டேன். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். தையற்கார அம்மா கதவைத் திறந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தாங்கள் வந்ததற்கு...” என்று ஆரம்பித்தார்.

“பசிக்குது. சாப்பிட வந்திருக்கேன்” என்றேன்.

அவ்வளவுதான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தன் பாஷையில் பிடித்தார் ஒரு பிடி. கடிகாரத்தைக் காட்டித் திட்டினார். நாற்காலியைக் காட்டித் திட்டினார். அடுப்பங்கரைக்குப் போய் ஒரு பெரிய பாத்திரத்தைத் தூக்கிவந்து, அதைக் காட்டித் திட்டினார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் எல்லாமே புரிந்தது. அவருடைய அக்காவும் அங்கே இருந்தார். ஹோட்டலில் வேலை பார்ப்பவராம், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, “இதையெல்லாம் நான் இங்கிலீஷ்ல சொல்ல மாட்டேம்மா” என்றார்.

என்னை யாரும் திட்டி இரண்டு வருடம் ஆகிறது. ‘நன்றி’, ‘பரவாயில்லை’, ‘மன்னிக்கவும்’ என்றே கேட்டுக்கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது. திட்டவும் ஓர் உரிமை வேண்டும் இல்லையா? எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதேன். திட்டிக்கொண்டே தட்டில் பரிமாறினார். போதும் என்று கையை நீட்டினேன். அதற்கும் திட்டு விழுந்தது.

கிளம்பும்போது வாசலில் என் கோட்டுக் காலரைச் சரிசெய்தபடியே, எந்தப் பாடத்திலும் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னார்: “அடுத்த ஞாயிறு. கிளாஸ் இல்ல. வீடு. புரியுதா?”

மாதிரிப் பதில் வாய்நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வகுப்புக்கு வந்துவிட்டார். வழக்கமான இடத்தில், வழக்கம்போல வாயே திறக்காமல். டைரக்டருக்கு நான் எழுதுவதாக இருந்ததை இன்னும் எழுதவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்த ஊர்ப் பாஷையைக் கற்கப்போகிறேன் என்றும் சொன்னேன். டைரக்டர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும்.

அண்ணனுக்குத்தான் மனத்தாங்கல். மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டானாம். “அங்க உனக்கு யார் இருக்காங்க?” என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் கோபத்தில் ஃபோனை வைத்துவிட்டான். நாளைக்குச் சமாதானப்படுத்த வேண்டும். அவனை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எழுத உட்கார்ந்ததில் தையற்கார அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போக நேரமாகிவிட்டது. இன்றைக்கு வாசலிலேயே திட்டு விழும். போன வாரத் திட்டில் எனக்கு இரண்டு வார்த்தை புரிந்தது.